மீன்தொட்டி இருக்கும் வீட்டில் கரப்பான் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வரவேற்பறையில் மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட மீன்தொட்டி இருக்கிறது. அது ஏறத்தாழ 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நான்கு வயதான இரண்டு ஏஞ்சல் மீன்களும் எட்டு கோரிடோராஸ் மீன்களும் அதில் உள்ளன. என் மகள் படிப்பு மேசையில் ஒரு சிறிய தொட்டி வைத்துச் செர்ரி இறால் வளர்க்கிறாள். பால்கனியில் கப்பி மீன்கள் விட்ட அல்லித் தொட்டியும் உண்டு.

இந்தக் கோடையில் இருந்து வீட்டில் சிறிய பழுப்பு நிறக் கரப்பான்கள் பெருகிவிட்டன. சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்குத் தொட்டியின் மூடியைத் தூக்கியபோது, விளக்குப் பட்டையின் கதகதப்பில் ஐந்தாறு குட்டிக் கரப்பான்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தண்ணீரில் விழுந்ததும் ஏஞ்சல் மீன் அதை நொடியில் விழுங்கிவிட்டது.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை, குடியிருப்பின் இருபத்து நான்கு வீடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து அடிப்பதென்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. மீன் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "சிவப்பு முக்கோணம் இல்லாத மருந்துதான் அம்மா, குழந்தைகள் இருக்கும் வீட்டிலேயே அடிக்கிறோம், தொட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள்" என்று மருந்தடிக்கும் நிறுவனத்தில் இருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் முந்தைய வீட்டில், படுக்கையறையில் கொசுவுக்கு ஸ்பிரே அடித்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிய ஓர் இரவு, காலையில் எழுந்து பார்த்தால் மேசையில் இருந்த பைட்டர் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. அன்று மாலைக்குள் செத்துவிட்டது. துணி போட்டால் உண்மையில் போதுமா? மருந்தே வேண்டாமென்று மறுத்தால், மற்ற வீடுகளில் இருந்து எல்லாக் கரப்பானும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுமா? தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கொளத்தூர் கடைக்காரர்

அம்மா, முன்கூட்டியே கேட்டது மிகவும் நல்லது. இந்தக் கேள்வியோடு என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மீன் செத்த மறுநாள்தான் வருகிறார்கள். கொளத்தூரில் பத்தொன்பது ஆண்டுகளாக வண்ண மீன் விற்கிறேன்.

முதலில் அந்த முக்கோணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பொட்டலத்தில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு நிறங்களும், எலி போன்ற பாலூட்டிகளின் உடலில் எவ்வளவு மருந்து போனால் உயிர் போகும் என்ற கணக்கை வைத்து 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி தரப்படுபவை. மீனுக்கு அந்த மருந்து என்ன செய்யும் என்பதற்கு அந்த நிறத்தில் விடை இல்லை. உங்களிடம் பேசியவர் பொய் சொல்லவில்லை. குழந்தையைப் பற்றிக் கேட்டால் சரியாக இருக்கக்கூடிய பதிலை மீனுக்குச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குள் தெளிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் என்று மேலட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். கொசு லிக்விடில் டிரான்ஸ்ஃபுளுத்ரின் அல்லது பிராலெத்ரின் இருக்கும். பெயரின் வால் "த்ரின்" என்று முடிந்தால் அதை மீனுக்கு ஆகாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை பூச்சியின் நரம்பை ஓயாமல் துடிக்க வைத்துக் கொல்பவை. நம் உடலுக்குள் போனால் கல்லீரல் அவற்றை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். மீனுக்கு அந்த வேகம் கிடையாது. போதாக்குறைக்கு, எண்ணெயில் கரையும் தன்மையுள்ள இந்த மருந்துகள் மீனின் செவுள் வழியாக நேரே இரத்தத்தில் ஏறிவிடுகின்றன. பல மீன் இனங்களுக்கு லிட்டருக்கு ஒரு சில மைக்ரோகிராம் இருந்தாலே உயிர் போய்விடும். லிட்டருக்கு மூன்று மைக்ரோகிராம் என்று வைத்தால், உங்கள் தொட்டி முழுவதற்கும் சேர்த்து அரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான மருந்தே போதும். எறும்புக்குக் கோடு போடும் சாக்கட்டியில் 0.5 விழுக்காடு டெல்டாமெத்ரின் கலந்தது கிடைக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான சாக்குத் தூளில் அந்த அளவு இருக்கிறது. எறும்புக்குக் கோடு போட்ட கையைக் கழுவாமல் மீனுக்குத் தீனி போட்டு, ஒரு தொட்டி முழுவதையும் இழந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது துணி விஷயத்துக்கு வருகிறேன். தொட்டிக்கு மருந்து வரும் முக்கியமான வழி மேலே இருந்து விழும் துளி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய வழி ஏர் பம்ப்தான். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் காற்றுத் தள்ளும் சாதாரண பம்ப், ஒரு மணி நேரத்தில் 180 லிட்டர் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விடுகிறது. அறையில் மருந்து மிதக்கும்போது, உங்கள் தொட்டியின் அளவுக்குச் சமமான மருந்துக் காற்றை மணிக்கு ஒரு முறை தண்ணீரில் அலசி எடுப்பதற்கு இது ஒப்பாகும். துணி தொட்டியின் மேல் இருக்கும். பம்ப் துணிக்கு வெளியே, மேசைக்கு அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். உங்கள் பைட்டர் மீனுக்குப் பம்ப்பே இருந்திருக்காது, ஆனால் அது நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்கும் மீன். ஸ்பிரேயின் நுண்துளி படிந்த நீர்ப்பரப்பில்தான் இரவு முழுவதும் அது மூச்சு விட்டிருக்கும்.

பம்ப்பை நிறுத்திவிட்டுத் தொட்டியை இறுக மூடினால் வேறொரு சிக்கல் வருகிறது. நம் ஊர்க் கோடையில் 30 பாகை வெப்பத்தில் இருக்கும் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும். காற்றும் புகாமல் நீரும் அசையாமல் இருந்தால் மீன்கள் மிகுதியாக உள்ள தொட்டி சில மணி நேரத்தில் திணறத் தொடங்கும். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் அழியத் தொடங்கும்.

ஆகவே என் முடிவு இதுதான்: தொட்டியை மூடுவதைப் பற்றி யோசிக்காதீர்கள், மருந்தை மாற்றச் சொல்லுங்கள். அது எவ்விதத்திலும் முடியாமல் போனால் மட்டும், தொட்டியைத் துணியால் அல்லாமல் தடித்த பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். ஏர் பம்ப்பை மருந்து அடிக்காத இடத்தில் வைத்து நீளமான குழாயால் தொட்டிக்குக் காற்றைக் கொண்டுவாருங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், அல்லது குழாயில் ஒருவழி வால்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியாக வெளியே ஓடிவிடும். எல்லா வேலையும் முடிந்து அறை நன்றாகக் காற்றாடிய பிறகு, தாளின் மேல்பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டி எடுங்கள், உதறவே கூடாது.

மருந்து பட்டுவிட்டது என்ற ஐயம் எழுந்தால் காத்திருக்க வேண்டாம். மீன் துடித்துத் துடித்து ஓடும், கண்ணாடியில் மோதும், சமநிலை தவறிச் சுழலும், நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீராக இருந்தால் ஆன்டி குளோரின் சேர்த்து, வெப்பம் ஒத்திருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பனை ஃபில்டரில் போடுங்கள். அது இந்த மருந்துகளை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய கார்பன் பயன்படாது.

மறுமொழி 2: தாம்பரம், மருந்தடிப்பவர்

நான் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் துணி போட்டால் போதும் என்று சொல்லியிருப்பது வருத்தம் தருகிறது. கடைக்கார ஐயா சொன்னதற்கு மேல் மீனைப் பற்றி எனக்குத் தெரியாது. கரப்பானைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த சிறிய பழுப்பு நிறக் கரப்பானை நாங்கள் ஜெர்மன் கரப்பான் என்போம். சாக்கடையில் இருந்து வரும் பெரிய செந்நிறக் கரப்பான் வேறு, இது வேறு. இது வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெருகுவது. இதை ஒழிக்க ஸ்பிரே நல்ல வழியே அல்ல என்பதுதான் என் அனுபவம். பெண் கரப்பான் முப்பது, நாற்பது முட்டைகள் அடங்கிய பையைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை வாலிலேயே சுமந்து திரியும். ஸ்பிரே பட்டுத் தாய் செத்தாலும், பைக்குள் இருக்கும் முட்டைகள் பல வேளைகளில் தப்பிவிடுகின்றன. மருந்து வாடைக்கு மிரண்ட மற்றவை சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகின்றன. நீங்கள் மருந்தை மறுத்தால் எல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று கேட்டீர்கள். சுற்றிலும் ஸ்பிரே அடித்தால் ஓரளவு வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் வீட்டில் தீனி மருந்து காத்திருந்தால் வந்தவை திரும்பிப் போகாது.

அந்தத் தீனி மருந்துதான் ஜெல். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் கலந்த பசையை ஊசிக் குழாயில் எடுத்து, துவரம்பருப்பு அளவுக்கும் சிறிய புள்ளிகளாக இடுக்குகளில் வைப்போம். அது காற்றில் பரவாது, வாடை இருக்காது, பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்கவும் தேவையில்லை. தின்ற கரப்பான் கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். சமையலறை அலமாரிக் கீல், சிங்க்கின் அடிப்பகுதி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் மோட்டார் சூடு இருக்கும் இடம், மிக்ஸி வைக்கும் மூலை ஆகியவற்றில் வைக்கச் சொல்லுங்கள். ஜெல் வைத்த இடத்தின் அருகே ஸ்பிரேயோ சாக்கட்டியோ பினாயிலோ படக் கூடாது. பட்டால் கரப்பான் அந்த ஜெல்லைத் தொடாது, வைத்ததெல்லாம் வீணாகும். இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை வைத்தால்தான் பிறகு பொரிந்த குஞ்சுகள் ஒழியும். முதல் வாரத்திலேயே முழுப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

தொட்டியின் மூடியிலும் விளக்கிலும் ஃபில்டரிலும் ஜெல்லை ஒருபோதும் வைக்கக் கூடாது. மேசைக்குப் பின்னால் ஒட்டுப்பொறி வைத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்து கிடையாது, எத்தனை கரப்பான் நடமாடுகிறது என்ற கணக்கும் தெரியும். கரப்பான் உங்கள் தொட்டியைத் தேடி வருவதற்குத் தண்ணீர், விளக்கின் சூடு, சிந்திய மீன் தீனி என்ற மூன்றும்தான் காரணம். தீனி டப்பாவை இறுக மூடி மற்றொரு டப்பாவுக்குள் வையுங்கள். மூடியில் குழாயும் மின்கம்பியும் நுழையும் துளைகளை நைலான் வலையால் அடைத்துவிடுங்கள். ஜெல் தின்ற கரப்பான் தள்ளாடி வந்து தண்ணீரில் விழுந்தால் ஏஞ்சல் அதையும் விழுங்கும் அல்லவா? அரோவானா என்ற பெரிய மீனை வளர்க்கும் வாடிக்கையாளர் சிலர் வீட்டில் பிடித்த கரப்பானையே அதற்குத் தீனியாகப் போடுகிறார்கள். ஜெல் வைத்த வீட்டில் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுமாறு ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

ஜெல் பிடிக்காதவர்கள் போரிக் ஆசிட் தூளைச் சர்க்கரையும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக வைக்கலாம். மெதுவாகத்தான் வேலை செய்யும், குழந்தைகளுக்கு எட்டக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு ஜெல் மட்டும் என்று சங்கத்திடம் எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே கட்டணத்தில் ஒப்புக்கொள்ளும்.

மறுமொழி 3: மதுரை நண்பர்

நான் பத்து ஆண்டுகளாக மீன்தொட்டி இருக்கும் அறையிலேயே கொசு லிக்விட் பயன்படுத்துகிறேன். கோல்டு ஃபிஷ் நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு அச்சம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம். என் அனுபவத்தைத்தான் சொன்னேன்.

மறுமொழி 4: கோவை இறால் வளர்ப்பவர்

மதுரை நண்பருக்கு: உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. காற்றோட்டமுள்ள பெரிய அறை, பெரிய தொட்டி, தொட்டியில் இருந்து தள்ளி வைத்த லிக்விட் என்றால் தண்ணீரில் சேரும் அளவு மிகக் குறைவாக இருக்கலாம். அதே லிக்விடைக் குளிர்சாதனம் ஓடும், கதவு சன்னல் சாத்திய சிறிய படுக்கையறையில், ஏர் பம்ப்புக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகினால் கதை வேறு. வேளச்சேரி அம்மாவின் வீட்டில் இறாலும் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். இறால் கணுக்காலி இனம். பூச்சிக்கு அது உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்து மீனை விட்டுவைத்தாலும் இறாலை விட்டுவைப்பதில்லை. ஜெல்லில் உள்ள இமிடாகுளோப்ரிட் மீனைவிட இறால் வகைகளுக்கு மிகக் கடுமையானது. ஜெல்லைத் தொட்ட கை எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சிறிய தொட்டிக்குள் போகக் கூடாது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. நாய்க்கு உண்ணி மருந்தைக் கழுத்தில் தடவிவிட்டு, கையைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டுத் தொட்டியில் ஒரு பாசிக் கொத்தைச் சரிசெய்தேன். முக்கால் மணி நேரத்தில் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கால்களைப் படபடவென்று அடித்துக்கொண்டன. அறுபதில் நான்குதான் மிஞ்சின. அதில் இருந்து தொட்டிக்கென்று முழங்கை வரை வரும் கையுறை ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

கொசுவுக்குச் சன்னல் வலையும் மின்மட்டையும்தான் என் வீட்டில். பால்கனி அல்லித் தொட்டியில் கப்பி இருக்கும்வரை கொசுப் புழு வளராது. மீன் இல்லாத தொட்டிகளுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து கிடைத்தால் போடுங்கள். அது கொசுப் புழுவின் குடலில் மட்டும் வேலை செய்வது, மீனுக்கும் இறாலுக்கும் தீங்கில்லை. மாநகராட்சிப் பணியாளர்கள் டெங்கு காலத்தில் வந்து தண்ணீரில் ஊற்றும் டெமிபாஸ் மருந்து, சரியான அளவில் போட்டால் கப்பியைப் பொதுவாகக் கொல்வதில்லை, ஆனால் இறாலுக்கு ஆகாது. மீன் இருப்பதைக் காட்டிச் சொன்னால் அவர்களே விட்டுவிடுகிறார்கள். கிணறுகளில் கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விடும் துறையினர் அல்லவா, அவர்களுக்கு இது புதிது அன்று. தெருவில் புகை மருந்து அடிக்கும் வண்டியின் ஓசை கேட்டால் சன்னல்களை அடைத்து, அரை மணி நேரம் ஏர் பம்ப்பை நிறுத்திவையுங்கள்.

"இயற்கை மருந்துதானே" என்று யாராவது ஒன்றைக் கொடுத்தால் அதையும் நம்பிவிடாதீர்கள். இந்தப் பைரித்ராய்டுகளுக்கு மூலமான பைரித்ரமே ஒரு வகைச் சாமந்திப் பூவில் இருந்து எடுப்பதுதான். காக்கைக்கொல்லி விதையை அரைத்துக் குளத்தில் கலந்து மீன் பிடித்தவர்கள் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். வேப்பெண்ணெய் தண்ணீரின் மேல் படலமாகப் படர்ந்து மீனை மூச்சுத் திணற வைக்கும்.

கேட்டவர் மீண்டும்: வேளச்சேரி வாசகி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

எங்கள் வீட்டுக்கு ஜெல் மட்டும் போதும் என்று சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். கடைக்கார ஐயா சொன்ன முக்கோண விளக்கத்தையும் அதில் சேர்த்திருந்தேன். அவர் ஒப்புக்கொண்டதோடு, கைக்குழந்தை இருக்கும் மூன்று வீட்டுக்காரர்களும் தங்களுக்கும் ஜெல்லே வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மற்ற வீடுகளுக்கும் நடைபாதைக்கும் ஸ்பிரேதான் அடித்தார்கள். அன்று காலை வாசற்கதவின் அடி இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து, இறால் தொட்டியைப் பின்பக்க அறைக்கு மாற்றி, பெரிய தொட்டியின் ஏர் பம்ப்பை ஐந்து மீட்டர் குழாயோடு பால்கனி மேசையில் ஏற்றிவைத்தோம். பக்கத்து வீட்டில் மருந்து அடித்த ஒரு மணி நேரம் மட்டும் பம்ப்பை நிறுத்தினோம்.

அதற்கு முந்தைய ஞாயிறன்று விளக்குப் பட்டையைக் கழற்றிப் பால்கனிக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். உள்மூலையில் கோடு கோடாக வரியிட்ட, பயற்றம்பருப்பைவிடச் சற்று நீளமான பழுப்புப் பைகள் மூன்று ஒட்டியிருந்தன. மருந்தடிப்பவர் சொன்ன முட்டைப் பைகள் அவைதான் என்று பார்த்ததும் புரிந்தது. பல்துலக்கும் தூரிகையால் அவற்றை நோண்டி எடுத்து நசுக்கிவிட்டு, வெறும் ஈரத்துணியால் துடைத்து மாட்டினேன். மூடியின் துளைகளைக் கொசுவலைத் துண்டால் அடைத்தாயிற்று.

ஒட்டுப்பொறியில் முதல் இரவு முப்பத்தொரு கரப்பான்கள் சிக்கின. இரண்டாம் வாரம் எண்ணிக்கை குறையவில்லை, பகலிலும் சில தள்ளாடி நடமாடின. அப்போது சற்றுக் கலங்கினேன். மூன்றாம் வாரம் இரண்டாம் முறை ஜெல் வைத்தார்கள். நேற்றிரவு வைத்த பொறியில் இரண்டே இரண்டு குட்டிகள்தான். மீன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை, மகளின் இறால்களில் இரண்டு இப்போது முட்டை சுமக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் வைத்த ஜெல் காய்ந்து கறுத்துவிட்டது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டுமா, அதன் அருகிலேயே வைத்தால் போதுமா என்று மட்டும் தாம்பரம் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 5: தாம்பரம், மருந்தடிப்பவர்

காய்ந்ததை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு விரற்கடை தள்ளிப் புதிய புள்ளி வைக்கச் சொல்லுங்கள் அம்மா. துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துணியைக் குப்பையில் போட்டுவிடுங்கள், மீன்தொட்டி துடைக்கும் துணிகளோடு சேர்க்க வேண்டாம். பொறியைத் தொடர்ந்து இரண்டு மாதம் வைத்திருங்கள்.